ரிச்மண்டுக்குப் போகும் வழி

ஏப்ரல் 4

ஜியாயிக்கு வந்து சேர்ந்தாயிற்று. தைவானின் தென்பாதியில், பெரிய மலைத்தொடர் ஒன்றின் அடிவாரத்தில் உள்ள ஊர். வன்கூவரில் குளிருடுப்போடு விமானம் ஏறியவள் இங்கே இறங்கியதும் வியர்வையில் குளித்துவிட்டேன். அறை ஐந்தாம் மாடியில். கீழே ஒரு சாப்பாட்டுக்கடை. சுடுசோற்றின்மேல் வான்கோழி இறைச்சியைக் கிழித்துப் போட்டுச் சோயாச் சாறு ஊற்றித் தருகிறார்கள். கையைக் காட்டி வாங்கிச் சாப்பிட்டேன். நல்ல ருசி.

ஆரணிக்கு வந்து சேர்ந்த செய்தி அனுப்பினேன். "எட்டு மாசம் தனிய என்னம்மா செய்யப் போறியள்?" என்று என் மகள் திரும்பவும் கேட்டிருக்கிறாள். என் கணவர் குகன் இறந்து, அவளும் வேலை வேலையென்று ஓடத் தொடங்கிய பிறகு பேர்ணபி வீட்டில் நான் என்ன செய்துகொண்டிருந்தேனோ அதைத்தான் இங்கேயும் செய்யப் போகிறேன். அதை எழுதவில்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று எழுதினேன்.

ஏப்ரல் 9

வேலை தொடங்கிவிட்டது. எங்கள் மன்றம் கனடாக்காரர்களையும் தைவான்காரர்களையும் வியாபாரத்திலும் பழக்கவழக்கத்திலும் நெருங்க வைப்பதற்காக ஏற்பட்டது. இதுவரை விருந்துகளும் மேடைப் பேச்சுகளும்தான். இந்த வருடம் முதல் தடவையாகக் கையால் தொடக்கூடிய ஒன்று: இந்த ஊரில் கனடா மரத்தால் ஒரு பொது மண்டபம். பிரிட்டிஷ் கொலம்பியா மர ஆலைக்காரர்கள் ஹெம்லொக் என்ற ஊசியிலை மரம் அனுப்புகிறார்கள். நகரசபை நிலம் தந்திருக்கிறது. மண்டபம் நன்றாக அமைந்தால் இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களும் வீடுகளும் எங்கள் மரத்தைக் கேட்கும் என்பது ஆலைக்காரரின் கணக்கு. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நான்.

கட்டடப் பொறியாளர் மிஸ்டர் லியாவ். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயதிருக்கும், ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறார். முதல் லொறி மரம் இறங்கியபோது குனிந்து ஒரு வெட்டுமுகத்தை மோந்து பார்த்தார். என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார். முப்பது வருடமாகக் கனடாவில் இருக்கிறேன், ஒரு மரத்தையும் நான் மோந்து பார்த்ததில்லை.

வன்கூவரில் எந்தப் பகுதி என்று கேட்டார். பேர்ணபி என்றேன். அங்கிருந்து ரிச்மண்ட் எவ்வளவு தூரம் என்று கேட்டார். அவர் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்களாம். மகளின் படிப்புக்காகப் போனவர்கள், பதினான்கு வருடமாகிவிட்டது. இவர் இங்கே உழைத்து அனுப்புகிறார். வருடத்தில் ஒரு தடவை போய்ப் பார்த்து வருவார்.

"எங்களைப் போன்ற கணவர்களை இங்கே விண்வெளி வீரர்கள் என்று சொல்வார்கள். எப்போதும் ஆகாயத்தில் இருப்பதால்" என்று சொல்லிச் சிரித்தார். நல்ல பகிடி. எனக்குத்தான் உடனே சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 22

ஊர்க்கூட்டம். இந்த வட்டாரத்தின் தலைவி திருமதி சாய், பூப்போட்ட சட்டையும் கையில் விசிறியுமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பனி பெய்யும் நாட்டு மரம் இந்த ஈரத்தில் எத்தனை நாளைக்கு நிற்கும், கறையான் அரிக்காதா, நிலம் நடுங்கினால் யார் தலையில் விழும் என்று கேட்டார். லியாவ் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லி எனக்கும் மொழிபெயர்த்தார். மருந்து ஏற்றிய மரம், இத்தனை திருகாணிகள், இத்தனை இரும்புப் பட்டைகள். அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பார்க்கலாம் என்றார். அந்தத் தொனி எங்கள் ஊர் மாதர் சங்கத் தலைவியின் தொனியேதான்.

மே 6

மழை. அரிசி, சவர்க்காரம், வெங்காயம் வாங்கினேன். தேங்காய்ப்பால் தகரத்தில் கிடைக்கிறது. கறிவேப்பிலைதான் இல்லை.

மே 17

பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் கூடிப்போய்விட்டது. வீணாக்குவானேன் என்று வேலைத்தலத்துக்குக் கொண்டுபோனேன். மிஸ்டர் லியாவ் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார். காலையில் அவருக்கு ஒரு வறட்டு இருமல் இருக்கிறது. மிளகு போட்டு ரசம் வைத்துக் கொடுத்தால் கேட்கும்.

அவர் மனைவி போன இலையுதிர் காலத்தில் பெரிய வீட்டை விற்றுவிட்டு ரிச்மண்டிலேயே ஒரு சின்ன வரிசைவீட்டுக்கு மாறினாராம். அந்த வீட்டை அவர் இன்னும் கண்ணால் காணவில்லை. மகள் அனுப்பிய படங்களைக் காட்டினார். அறைகள், சமையல்கட்டு, மாடிப்படி. "படத்தில் பார்த்தால் அடுத்தவர் வீடு மாதிரி இருக்கிறது" என்றார். பிறகு அங்கே மழை எப்படிப் பெய்யும் என்று கேட்டார். தெரியாதவர் கேட்பதுபோல் கேட்டார். அவர் போவது எப்போதும் கோடையில்தானாம்.

இங்கத்தைய மழை மாதிரி அடித்துப் பெய்யாது, நாள் முழுக்க நின்று பெய்யும், குடை பிடிக்கவும் தோன்றாது, பிடிக்காமல் இருக்கவும் முடியாது என்று சொன்னேன். சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் மழையைப் பற்றி என்னிடம் இவ்வளவு நேரம் யாரும் கேட்டதில்லை.

மே 20

இன்றும் குழம்பு கூடிப்போய்விட்டது.

ஜூன் 18

படகுப் போட்டித் திருநாள். வேலைத்தலம் பூட்டு. மூங்கில் இலையில் பொதிந்த சோற்றுப் பொட்டலங்களைத் திருமதி சாய் ஆளனுப்பி எனக்குக் கொடுத்தார். மரத்தைத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை, என்னோடு கோபமில்லையாம்.

மிஸ்டர் லியாவ் பகல் சாப்பாட்டுக்கு ஆற்றங்கரைக் கடையொன்றுக்கு அழைத்துப் போனார். மகளின் பல் விழுந்ததையும் முளைத்ததையும் படத்தில்தான் பார்த்தாராம். மகளுக்கு இப்போது இருபத்திரண்டு. ஆரணியின் வயது. குகனைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். வைத்தியசாலை நாட்களைப் பற்றிக்கூடச் சொன்னேன். இடையில் புகுந்து ஆறுதல் சொல்லவில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

இரவு ஆரணி தொலைபேசியில் கதைத்தாள். புது அடுக்குமாடிக்கு மாறப் போகிறாளாம், நான் ஜூலையில் ஒரு கிழமையாவது வந்து உதவட்டாம். பிறகு சொன்னாள்: "அம்மா, கதைக்கத் தொடங்கினதில இருந்து லியாவ் சொன்னார், லியாவ் சொன்னார் எண்டு எத்தினை தரம் சொல்லிப் போட்டியள் எண்டு தெரியுமோ?"

"வேலையில அவரோடதானே கதைக்க வேண்டிக் கிடக்கு."

"நான் பிழை எண்டு சொல்லேல்லையே அம்மா."

ஆற்று மீன் வறுவலில் இஞ்சி கூடுதலாகப் போடுகிறார்கள். குறித்துவைக்க வேண்டும்.

ஜூலை 15, வன்கூவர்

ஆரணியின் சாமான்களை ஏற்றி இறக்கி முதுகு நோகிறது. பின்னேரம் ரிச்மண்டுக்குப் போனேன். மிஸ்டர் லியாவ் மனைவியிடம் கொடுக்கச் சொல்லி மலைத் தேயிலை தந்து விட்டிருந்தார். ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கும் தூரம்தான், ஆனால் ஒரே மாதிரியான வரிசைவீடுகள். இரண்டு தடவை தவறான கதவைத் தட்டிவிட்டேன்.

அவர் மனைவிக்குச் சியூலான் என்று பெயர். சின்ன உருவம், நேரான முதுகு. எப்படியிருப்பார் என்று நான் ஏதோ நினைத்து வைத்திருந்தேன். கணவனின் உழைப்பில் வசதியாக வாழ்ந்து, அவர் இல்லாததையே மறந்துபோன ஒருத்தி. அப்படி இல்லை. தேயிலைப் பொதியை வாங்கியதும் அதன்மேல் எழுதியிருந்த கையெழுத்தைத்தான் முதலில் பார்த்தார்.

தேநீர் போட்டார். ஒரு பல்மருத்துவ நிலையத்தில் வரவேற்பில் வேலையாம். மண்டபத்தைப் பற்றிக் கேட்டார், வெயிலைப் பற்றிக் கேட்டார். பிறகு கேட்டார்: "காலையில் இன்னும் இருமுகிறாரா?"

"இருமுகிறார். இப்போது கொஞ்சம் குறைவு" என்றேன்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வேலைத்தலம் ஏழு மணிக்கே திறந்துவிடும் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். உண்மையைத்தான் சொன்னேன், ஏன் முகம் சூடானதென்று தெரியவில்லை.

புறப்படும்போது வாசல்வரை வந்தார். "அவர் இங்கே வந்தால் மூன்றாம் நாளே திரும்பிப் போகத் துடிப்பார். கையில் வேலையில்லாமல் ஒரு வீட்டுக்குள் இருக்க அவரால் முடியாது. எனக்கு இங்கே எல்லாம் பழகிவிட்டது என்று அவர் நினைக்கிறார். ஒன்றுமே பழகவில்லை. இந்த வீட்டையும் அவர் வந்து பார்த்தபிறகு சுவருக்கு நிறம் அடிக்கலாம் என்று விட்டு வைத்திருக்கிறேன்." பிறகு, "நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்" என்றார். என் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

வரும் வழியில் ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை.

ஜூலை 24

ஜியாயி. நான் இல்லாத நாட்களில் தூண்கள் எழுந்துவிட்டன. மிஸ்டர் லியாவ் ரயில் நிலையத்துக்கே வந்திருந்தார். வீடு எப்படி என்று கேட்டார். நல்ல வெளிச்சம், பின்புறம் சின்ன முற்றம், தேநீர் நன்றாக இருந்தது என்றேன். அவள் எப்படி என்று கேட்டார். நலம் என்றேன்.

சொல்ல வேண்டாம் என்று சியூலானே கேட்டுக்கொண்டபின் நான் எப்படிச் சொல்வது? அதோடு, நேரமும் இல்லை. கூரை மரங்கள் அடுத்த கிழமை வருகின்றன.

ஆகஸ்ட் 11

புயல் எச்சரிக்கை. தார்ப்பாய் இழுத்துக் கட்டினோம். கடைசியில் புயல் வேறு பக்கம் போய்விட்டது.

ஆகஸ்ட் 26

தலைமை அலுவலகம் அடுத்த கட்டத்துக்கு இரண்டு வேலைகளை முடிவு செய்துவிட்டது. ஒன்று, இதே ஊரில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடம்; இரண்டு வருட வேலை. அதற்கு நான் இங்கேயே இருக்க வேண்டும். மற்றது பேர்ணபியில். தைவான் தச்சர்களின் முறைப்படி, ஆணியில்லாமல் மரத்தோடு மரம் கோத்து ஒரு தேநீர் மண்டபம். இங்கே கனடா மரம் வந்தது. அங்கே தைவான் கைவேலை போக வேண்டும் என்பது திட்டம். எந்தப் பொறியாளர் எதற்கு என்று நான் பரிந்துரைக்க வேண்டும்.

மிஸ்டர் லியாவிடம் இரண்டையும் சொன்னேன். பேர்ணபிக்குப் போய், தன் மனைவி மகளின் வாழ்க்கைக்கு நடுவில் நிற்பது எளிதில்லை என்றார். அவர்கள் இருவரும் தாமாகவே ஒரு ஒழுங்கு அமைத்துக்கொண்டுவிட்டார்களாம்.

"நீங்கள் இங்கே இருப்பீர்கள் என்றால் நானும் பள்ளிக்கூடத்தையே எடுத்துக்கொள்கிறேன். நம் இருவருக்கும் வேலை நன்றாக ஓடுகிறது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வேலை நன்றாக ஓடுகிறது என்றுதான் சொன்னார். இன்று அறைக்கு வந்து ஜன்னல் திரைகளைத் தோய்த்தேன். இரண்டு வருடம் இருப்பதென்றால் இந்தத் திரைகளே வேண்டாம், நல்ல துணியில் வேறு தைக்கலாம். சந்தையில் நீலத்தில் ஒரு துணி பார்த்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 2

நீலத் துணி வாங்கினேன்.

செப்டம்பர் 13

தலையில் இன்னும் மரத்தூள் இருக்கிறது.

காலை பத்து மணிபோல் நானும் மிஸ்டர் லியாவும் மண்டபத்துக்குள் நின்று கூரைப் பொருத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஒரு சத்தம், நிலத்துக்கடியில் லொறி ஓடுவதுபோல். பிறகு நிலம் பக்கவாட்டில் இழுபட்டது. ஓடத் திரும்பினேன். அவர் என் தோளைப் பிடித்துத் தூணோடு சேர்த்து நிறுத்திக்கொண்டார். தலைக்கு மேலே உத்தரங்கள் எல்லாம் ஒன்றாக முனகின. மரத்தூள் மாவு மாதிரிக் கொட்டியது. என் காதுக்கருகில் அவர் தன் மொழியில் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார். நில், நில் என்று மரத்திடம் சொல்கிறார் என்று நினைத்தேன்.

நின்றது. ஒரு உத்தரமும் விலகவில்லை. தெருவுக்கு அந்தப்பக்கம் பழைய செங்கல் மதில் முழுக்கச் சரிந்து கிடந்தது. ஆட்களுக்குச் சேதமில்லை.

வெளியே வந்தோம். அவர் என் தோளிலிருந்து கையை எடுத்ததும் செய்த முதல் வேலை தொலைபேசியை எடுத்து ரிச்மண்டுக்கு அழைத்ததுதான். இணைப்புக் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப அழைத்தார். நடுக்கத்தின்போதுகூட நிதானமாக இருந்த முகம் அப்போது இருந்த இருப்பை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அந்த நேரத்தில் என் தொலைபேசி அடித்தது. சியூலான். செய்தியில் பார்த்திருக்கிறார். வணக்கமோ பெயரோ சொல்லவில்லை. "அவர் இருக்கிறாரா?" என்று மட்டும் கேட்டார்.

என் கையிலிருந்த தொலைபேசியை அவரிடம் கொடுத்தேன். "சியூலான்" என்று அவர் கூப்பிட்டதும்தான் விளங்கியது, தூணோடு நின்றபோது அவர் சொல்லிக்கொண்டிருந்த சொல் அது. நான் கொஞ்சம் தள்ளிப் போய்ச் செங்கற்களை எடுத்து ஓரமாக அடுக்கினேன். யாரும் அடுக்கச் சொல்லவில்லை.

செப்டம்பர் 14

பரிந்துரையை அனுப்பிவிட்டேன். பேர்ணபி வேலைக்கு மிஸ்டர் லியாவ். மண்டபம் நடுக்கத்தைத் தாங்கியதை எழுதினேன், மரங்களைக் கோக்கும் முறையில் அவரைவிடத் தெரிந்தவர் இல்லை என்று எழுதினேன். எல்லாம் உண்மை. பள்ளிக்கூடத்துக்குத் தைப்பேயிலிருந்து ஒருவரைத் தேடலாம்.

செப்டம்பர் 15

அவரிடம் சொன்னேன். மண்டபத்தின் படியில் உட்கார்ந்திருந்தோம்.

"பள்ளிக்கூடம் என்றல்லவா பேசிக்கொண்டோம்?" என்றார்.

"நான் யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன்."

"அவர்களுக்கு நானில்லாமல் பழகிவிட்டது, மிஸ் வதனி."

"பழகவில்லை. சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் வந்து பார்த்த பிறகுதான் சுவருக்கு நிறம் அடிப்பதென்று அந்த வீட்டை அப்படியே வைத்திருக்கிறார். உங்கள் இருமலைப் பற்றிக் கேட்டார். கையில் வேலையில்லாமல் உங்களால் அங்கே இருக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். இப்போது வேலை இருக்கிறது."

"ஜூலையிலேயே உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பார் என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. கைகளை முழங்காலில் வைத்தபடி, "நீங்கள் நல்ல சினேகிதர்" என்றார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நட்பு என்ற ஒரே அர்த்தம்தான்.

அக்டோபர் 20

மண்டபத் திறப்பு விழா. கனடாவிலிருந்து ஆலைக்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். நகரசபைத் தலைவர் பேசினார், எங்கள் மன்றத் தலைவர் பேசினார். ஆலைக்காரரின் மனைவி வயலின் வாசிக்க, ஊர்ப் பெண்கள் தங்கள் பாட்டை அதனோடு பொருத்திப் பாட முயன்றார்கள். ஓரிடத்தில் இரண்டும் சேர்ந்தன. மற்ற இடங்களில் சிரிப்புத்தான். பள்ளிக்கூடத்துக்கான மர ஒப்பந்தம் அங்கேயே கையெழுத்தானது.

திருமதி சாய் தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போனார். கடைசித் தூணடியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இனி வட்டாரக் கூட்டங்களெல்லாம் இங்கேதான் என்று அறிவித்தார். மிஸ்டர் லியாவ் அதை எனக்கு மொழிபெயர்க்கத் திரும்பினார். நான் கையைக் காட்டித் தடுத்தேன். விளங்கிவிட்டது.

நவம்பர் 9

விசா, தச்சர்களின் கருவிகளுக்கு அனுமதி, காப்புறுதி. நாள் முழுக்கத் தொலைபேசியில்.

நவம்பர் 25

தைப்பேப் பொறியாளர் வந்து சேர்ந்தார். இளையவர், கெட்டிக்காரர், மதியம் வெளியே போய்ச் சாப்பிடுகிறார். ஒருவருக்கு மட்டும் அளவாகச் சமைப்பது எப்படி என்று மறந்துபோயிருக்கிறேன்.

டிசம்பர் 3

மிஸ்டர் லியாவ் நாளை புறப்படுகிறார். ரயில் நிலையத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டார். பள்ளிக்கூட நிலத்தை அளக்க ஆட்கள் வருகிறார்கள் என்றேன். கை கொடுத்தார். நானும் கொடுத்தேன். கனடாக் கைகுலுக்கல், இங்கத்தையதுபோல் குனிந்து வணங்கியிருந்தால் முகத்தைக் காட்டாமல் இருந்திருக்கலாம்.

அளக்கும் ஆட்கள் நாளை மறுநாள்தான் வருகிறார்கள்.

டிசம்பர் 5

காலை, அளவு வேலை நடந்துகொண்டிருக்கும்போது வன்கூவர் இலக்கமொன்றிலிருந்து அழைப்பு. மிஸ்டர் லியாவ். அங்கே அப்போது மாலை, இருட்டிவிட்டிருக்கும். மனைவியிடம் நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஒரு நாள் முன்னதாகவே போய் இறங்கியிருக்கிறார். ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தவருக்கு வழி தவறிவிட்டது. எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கிறதாம்.

"அவளிடமே கேட்கலாம். ஆனால் என் வீட்டுக்கு வழி எது என்று அவளிடம் எப்படிக் கேட்பேன்?" என்றார்.

இப்போது எதன் முன்னால் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். பெட்ரோல் நிலையம் என்றார். ஜூலையில் நானும் அதே இடத்தில்தான் தவறினேன். திரும்பி, வந்த வழியிலேயே நடக்கச் சொன்னேன். மழை பெய்கிறதா என்று கேட்டேன். பெய்கிறது, நீங்கள் சொன்ன மாதிரித்தான் பெய்கிறது என்றார். சலவைக்கடை வந்ததும் சொல்லுங்கள் என்றேன். வந்தது. இடப்பக்கம் திரும்புங்கள், சின்னப் பாலம் வரும். வந்தது. பெட்டியின் சில்லுகள் பாலத்துப் பலகையில் கடகடத்தது இங்கே கேட்டது. அவர் மூச்சும் கேட்டது. நிலம் அளப்பவர்கள் நாடாவைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தெருவில் அவரோடு நடந்தேன்.

கடைசி வரிசையில் ஓரத்து வீடு என்றேன். நின்றுவிட்டார்.

"வெளிச்சம் இருக்கிறது" என்றார்.

"தட்டுங்கள்."

"மிஸ் வதனி—"

"தட்டுங்கள்."

தட்டினார். கதவு திறந்தது. பிறகு சியூலானின் குரல், ஏதோ ஏசுவதுபோலத் தொடங்கிப் பாதியில் உடைந்தது. தொலைபேசி அவர் சட்டைப் பைக்குள் போனது. துணி உரசும் சத்தம். அழைப்பைத் துண்டிக்க அவர் மறந்துவிட்டார். நான் கேட்டுக்கொண்டே நின்றிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

துண்டித்தேன்.

நாடாவின் நுனியைப் பிடித்து நிலத்தின் கடைசி மூலைவரை நடந்தேன். அளவைச் சொன்னார்கள், எழுதிக்கொண்டேன். பிறகு ஆரணியை அழைத்தேன். என்னம்மா, ஏதும் பிரச்சினையோ என்று கேட்டாள். ஒன்றுமில்லை, உன்ர குரல் கேக்க வேணும்போல கிடந்தது என்றேன்.

"அழுறியளோ அம்மா?"

"ஓம்" என்றேன்.